கடைசி அடியில் கிடைத்த கோப்பை: 2021–22 கிளப் ஹர்லிங் பருவம் – விவாத இழை

#1 துறைமுகவாசி (வாட்டர்ஃபோர்ட்)

கவுண்டி ஹர்லிங் பற்றி இந்தக் களத்தில் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறோம். லிமரிக்கின் ஆதிக்கம், கில்கென்னியின் பொற்காலம் எல்லாம் வந்துபோய்விட்டன. கிளப் ஆட்டங்களுக்கு மட்டும் ஒரு இழை இல்லை. ஹர்லிங்கின் உயிர் கிளப்பில்தான் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறவன் நான். அதற்கு என் கையில் இருக்கும் சிறந்த சான்று 2021–22 பருவம்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாக. ஹர்லிங் என்பது அயர்லாந்தில் மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஆட்டம், கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. ஒரு கிளப் முதலில் தன் கவுண்டியில் பட்டம் வெல்ல வேண்டும். பிறகு மாகாணப் போட்டி. லெய்ன்ஸ்டர், மன்ஸ்டர், அல்ஸ்டர் மாகாணங்களின் சாம்பியன்களும், கால்வே கவுண்டியின் சாம்பியனும் அகில அயர்லாந்து அரையிறுதிக்கு வருவார்கள். 1970–71-ல் தொடங்கிய போட்டி இது. இறுதியாட்டம் டப்ளின் க்ரோக் பார்க்கில், 82,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானத்தில் நடக்கும். ஆடும் எவருக்கும் சம்பளம் கிடையாது. மறுநாள் காலை வகுப்பறைக்கும் பண்ணைக்கும் பட்டறைக்கும் போகிறவர்கள்தான் அங்கே ஆடுகிறார்கள்.

கொரோனாவால் அதற்கு முந்தைய பருவத்தில் மாகாணப் போட்டிகளும் அகில அயர்லாந்துப் போட்டியும் நடக்கவில்லை. ஆகவே 2021 இலையுதிர் காலத்தில் ஆட்டம் தொடங்கியபோது கில்கென்னியின் பாலிஹேல் ஷாம்ராக்ஸ்தான் நடப்புச் சாம்பியன். 2019 மார்ச்சில் கால்வேயின் செயின்ட் தாமஸை 2-28க்கு 2-11 என்று நொறுக்கினார்கள். 2020 ஜனவரியில் டிப்பரரியின் பாரிஸ்-ஐலியை 0-18க்கு 0-15 என்று வென்றார்கள். இந்தப் போட்டியின் வரலாற்றில் எந்த ஹர்லிங் கிளப்பும் தொடர்ந்து மூன்று முறை வென்றதில்லை. பாலிஹேல் அந்த மூன்றாவதைத் தேடி வந்தது.

மறுபக்கம் எங்கள் பாலிகன்னர். வாட்டர்ஃபோர்ட் நகரின் கிழக்கு விளிம்பில் இருக்கும் கிளப். 2021-ல் தொடர்ந்து எட்டாவது முறையாகக் கவுண்டிப் பட்டம் வென்றிருந்தது. ஆனால் வெளியே போனால் அடி. 2015, 2017 மன்ஸ்டர் இறுதிகளில் லிமரிக்கின் நா பியர்சேயிடம் தோல்வி. 2018-ல் மன்ஸ்டரை வென்றும், 2019 பிப்ரவரி அரையிறுதியில் இதே பாலிஹேலிடம் தோல்வி. அந்த ஆண்டுக் கடைசியிலேயே பாரிஸ்-ஐலியிடம் மன்ஸ்டர் இறுதியில் மறுபடி தோல்வி. "வீட்டில் புலி" என்ற பேச்சு அவர்களை விடாமல் துரத்தியது. வாட்டர்ஃபோர்ட் கிளப் எதுவும் அதுவரை அகில அயர்லாந்துக் கோப்பையைத் தொட்டதில்லை. மவுண்ட் சயன் 1982-ல் இறுதியில் தோற்றது. டி லா சால் 2009-ல் போர்ட்டம்னாவிடம் 2-24க்கு 1-8 என்று சிதைந்தது.

இந்தப் பின்னணியோடு 2022 பிப்ரவரி 12-ஐப் பாருங்கள். 60 நிமிடம் முடிந்து இஞ்சுரி டைமும் தீரப்போகிறது. பாலிஹேல் 1-19, பாலிகன்னர் 1-17. இரண்டு பாயிண்ட் பின்தங்கல். பாயிண்ட் அடித்துப் பயனில்லை, கோல்தான் வேண்டும். கோல்கீப்பர் ஸ்டீபன் ஓ'கீஃப் பந்தை வெளியே அடிக்கிறார். மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த ஹேரி ரடில் பந்தோடு ஓடி, தூரத்திலிருந்தே வலைக்குள் அடிக்கிறார். ஆட்டம் முடிந்தது. பாலிகன்னர் 2-17, பாலிஹேல் 1-19. ஒரே ஒரு பாயிண்ட்.

என் கருத்து: இந்த நூற்றாண்டின் சிறந்த கிளப் பருவம் இதுதான். மறுப்பவர்கள் காரணத்தோடு வரவும்.

#2 மெரினாக்காற்று

ஐயா, எழுத்து அருமை. ஆனால் 2-17, 1-19 என்பதெல்லாம் என்ன கணக்கு? 17-ஐ விட 19 பெரிசு இல்லையா? நான் இந்த ஆட்டத்தை இதுவரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

#3 துறைமுகவாசி

நல்ல கேள்வி. கோல்கம்பம் ஆங்கில H எழுத்து வடிவில் நிற்கும். குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலை, அங்கே கோல்கீப்பர் நிற்பார். அதற்குள் போனால் கோல், மதிப்பு மூன்று. குறுக்குக் கம்பத்துக்கு மேலே, இரண்டு தூண்களுக்கு நடுவே போனால் ஒரு பாயிண்ட். முதல் எண் கோல், இரண்டாவது எண் பாயிண்ட். 2-17 என்றால் ஆறும் பதினேழும் சேர்த்து 23. 1-19 என்றால் 22.

அணிக்கு 15 பேர். கையில் ஆஷ் மரத்தில் செய்த மட்டை, நுனி அகன்று தட்டையாக இருக்கும். பந்து கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் இலேசானது, மேலே தோல், தடித்த தையல். தரையிலும் அடிக்கலாம், பறக்கும்போதும் அடிக்கலாம். கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் ஓடக்கூடாது. ஆனால் மட்டையின் நுனியில் பந்தை நிறுத்திக்கொண்டு எவ்வளவு தூரமும் ஓடலாம், சுற்றி இருக்கிறவர்கள் விட்டால். மைதானம் கால்பந்து மைதானத்தைவிட நீளம், 130 மீட்டருக்குக் குறையாது. 2010 முதல் தலைக்கவசம் கட்டாயம்.

கவுண்டி அளவிலான சீனியர், அதாவது முதல்நிலை, ஆட்டம் 70 நிமிடம், கிளப் ஆட்டம் 60 நிமிடம்.

#4 நெல்லைக்காரன்

அண்ணே, ஒரு சந்தேகம். இது நம்ம பக்கத்து ஊர்க் கபடிப் போட்டி மாதிரிதானா? ஊருக்கு ஒரு டீம், ஊர்ப் பேரைச் சட்டையில போட்டு ஆடுறது, ஊரே திரண்டு போறது?

#5 துறைமுகவாசி

ஊர்ப் பெயரும் ஊர் திரள்வதும் சரிதான் தம்பி. ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நம் ஊர்ப் போட்டிகளில் பரிசுத் தொகைக்காக வெளியூர் ஆட்டக்காரரைக் கூட்டி வந்து இறக்குவது சாதாரணம். இங்கே அது நடக்காது. பிறந்து வளர்ந்த பங்குக்குத்தான் ஆட வேண்டும், பங்கு என்றால் தேவாலயப் பங்கு. கிளப் மாறுவதற்குக் கடுமையான விதிகள், கவுண்டிக்குக் கவுண்டி கொஞ்சம் மாறுபடும். குடிபெயர்ந்தால் மாறலாம், காசுக்காக மாற முடியாது. காசு கொடுக்கவும் ஆளில்லை. கேலிக் தடகளச் சங்கம், அதாவது ஜி.ஏ.ஏ., 1884-ல் தர்லஸ் ஊரில் ஒரு விடுதியில் கூடித் தொடங்கிய நாளிலிருந்து அமெச்சூர் சங்கமாகவே இருக்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்றால், கில்கென்னிக்கு ஆடி உலகப் புகழ் பெற்ற டி.ஜே. ரீட், கிளப் ஆட்டத்தில் தன்னோடு பள்ளியில் படித்த பையன்களோடு நின்று ஆடுகிறார். எதிரே மார்க் பண்ணுகிறவர் பக்கத்துப் பங்கின் மின்பணியாளராக இருக்கலாம். தோற்றால் திங்கட்கிழமை அதே கடையில் சந்திக்க வேண்டும்.

#6 நோர்_ஆற்றங்கரை (கில்கென்னி)

வாட்டர்ஃபோர்ட் நண்பர் தன் பக்கத்தை அழகாகச் சொன்னார். பாலிஹேல் பக்கத்தைச் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

பாலிஹேல் ஒரு சின்னக் கிராமம். ஒரு தெரு, ஒரு தேவாலயம், இரண்டு மூன்று மதுக்கடை. நாக்டோஃபர், நாக்மொய்லன் என்ற பக்கத்து ஊர்களும் சேர்ந்த பங்கு. 1972-ல்தான் இந்தக் கிளப் உருவானது. அதற்குப் பிறகு 1981, 1984, 1990, 2007, 2010, 2015, 2019, 2020, 2023 என்று ஒன்பது அகில அயர்லாந்துக் கோப்பைகள். வேறு எந்த ஹர்லிங் கிளப்பும் அருகில்கூட வரவில்லை.

எண்பதுகளில் ஃபெனலி வீட்டிலிருந்து மட்டும் ஏழு சகோதரர்கள் இந்தக் கிளப்புக்கு ஆடினார்கள். அவர்களில் ஜெர், லியாம் இருவரும் கில்கென்னிக் கவுண்டி அணிக்கே தலைமை தாங்கி அகில அயர்லாந்து வென்றவர்கள். அடுத்த தலைமுறையில் மைக்கேல், கோலின். பிறகு ஹென்றி ஷெஃப்லின், கில்கென்னிக்காகப் பத்து அகில அயர்லாந்துப் பதக்கம் பெற்றவர். 2019, 2020 வெற்றிகளின்போது பாலிஹேலின் மேலாளர் அவர்தான். பிறகு ரீட் சகோதரர்கள், முல்லன் சகோதரர்கள், ஓவன் கோடி.

இவ்வளவு சின்னப் பங்கில் இவ்வளவு ஆட்டக்காரர்கள் எப்படி என்று பலர் கேட்கிறார்கள். குடும்பம் ஒரு காரணம். இன்னொன்று பள்ளி. இந்தக் கவுண்டியில் ஆரம்பப் பள்ளியிலேயே ஹர்லிங் மட்டைதான் பையன்களின் விளையாட்டுப் பொருள். மூன்றாவது, எங்கள் சாம்பியன்ஷிப்பின் அமைப்பு. சீனியரில் 12 கிளப் மட்டும். லீக் ஆட்டங்கள் முடிந்ததும் நேரடி நாக்-அவுட். முதல் சுற்றில் தோற்றால் கீழ்நிலைக்கு இறங்காமல் தப்பிக்க ஆட வேண்டிய கட்டாயம். வருஷத்தில் ஒரு ஞாயிறுகூடச் சும்மா ஆட முடியாது.

இனி அந்த இறுதியாட்டத்துக்கு வருவோம். எங்களுக்கு வலித்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அதற்குப் 13 நாள் முன்னால் நடந்ததை நண்பர் எழுதவில்லை. ஜனவரி 30, அரையிறுதி, செயின்ட் தாமஸுக்கு எதிராக. இஞ்சுரி டைமில் நாங்கள் இரண்டு பாயிண்ட் பின்னால். எதிரணியின் தவறுக்காக ஒரு ஃப்ரீ, அதாவது தடையில்லாமல் அடிக்கும் அடி, கிடைத்தது. பாயிண்ட் அடித்தால் தோல்வி. கோல் கோட்டில் ஆட்கள் வரிசை கட்டி நிற்க, டி.ஜே. ரீட் பந்தைத் தூக்கி அவர்களைத் துளைத்து வலைக்குள் அடித்தார். 2-15க்கு 0-20. ஒரு பாயிண்டில் வெற்றி. எந்தக் கத்தியால் காப்பாற்றப்பட்டோமோ அதே கத்திதான் இறுதியாட்டத்தில் எங்கள் மேல் பாய்ந்தது.

#7 துறைமுகவாசி

அண்ணா, அந்த அரையிறுதியை நீங்களே சொன்னதுதான் சரி. என்னால் இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க முடியாது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறுதியாட்டம் நடந்த அன்று அதே மைதானத்தில் கேலிக் கால்பந்து, அதாவது அயர்லாந்தின் சொந்தக் கால்பந்து, கிளப் இறுதியும் நடந்தது. டவுன் கவுண்டியின் கில்கூ, டப்ளினின் கில்மகட் குரோக்ஸ். எக்ஸ்ட்ரா டைம் வரை போய், அதன் கடைசி நொடிகளில் ஜெரோம் ஜான்ஸ்டன் கோல் அடித்து 2-8க்கு 0-13 என்று கில்கூ வென்றது. கூட்டிப் பாருங்கள், 14க்கு 13. அங்கும் ஒரு பாயிண்ட், அங்கும் கடைசிக் கோல், அங்கும் அதுவரை இரண்டு பாயிண்ட் பின்தங்கல். ஒரே பிற்பகலில் ஒரே மைதானத்தில் இரண்டு முதல் கோப்பைகள் இப்படி முடிந்தன.

#8 வடமராட்சியான் (டப்ளின்)

எல்லாரும் இறுதியாட்டத்தைப் பற்றியே கதைக்கிறியள். அந்தப் பருவத்தில எனக்கு மறக்க ஏலாத கதை வேற ஒண்டு. டிப்பரரியில லாக்மோர்-காஸ்டில்லைனி எண்டு ஒரு கிளப். இரண்டு சின்னக் கிராமங்கள் சேர்ந்தது. ஹர்லிங்கும் கேலிக் கால்பந்தும் ரெண்டும் விளையாடுற கிளப். அந்த வருசம் ரெண்டிலயும் கவுண்டிச் சாம்பியன்!

இது எவ்வளவு பெரிய விசயம் எண்டு விளங்குதோ? ரெண்டு அணியிலயும் ஏறக்குறைய ஒரே பெடியள்தான். ஒரு கிழமை ஹர்லிங், அடுத்த கிழமை கால்பந்து. மாசக் கணக்கில ஓய்வில்லாமல் வார இறுதி தோறும் போட்டி. ஹர்லிங் இறுதியாட்டம் தர்லஸ் சார்ஸ்ஃபீல்ட்ஸோட சமனாப் போய்த் திருப்பி ஆட வேண்டி வந்தது. நோயல் மெக்ராத், ஜான் மெக்ராத் மாதிரி டிப்பரரிக்கு அகில அயர்லாந்து வென்று குடுத்தவையும் அதுக்குள்ள. 2013-லயும் இதே இரட்டைப் பட்டத்தைச் செய்தவை.

கடைசியில டிசம்பரில மன்ஸ்டர் அரையிறுதியில உங்கட பாலிகன்னரிட்டத் தோத்தவை. களைச்சுப்போன கால்களோட ஆடினவை எண்டு பார்த்த எல்லாருக்கும் தெரியும். பாலிகன்னரைக் குறை சொல்லேல்லை. ஆனா அந்தப் பெடியளுக்கு ரெண்டு கிழமை ஓய்வு கிடைச்சிருந்தால் உங்கட இந்த இழையே வேற மாதிரி இருந்திருக்கும் எண்டு நான் நம்புறன்.

#9 துறைமுகவாசி

அந்த அரையிறுதி பாலிகன்னருக்கு உண்மையிலேயே கடினமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்த ஆட்டத்தையும் பாருங்கள். 2022 ஜனவரி 9, மன்ஸ்டர் இறுதி. கில்மலக்கை 3-20க்கு 1-12 என்று வென்றார்கள். பதினான்கு பாயிண்ட் வித்தியாசம். லிமரிக் கவுண்டி அணி அயர்லாந்தையே ஆண்டுகொண்டிருந்த காலத்தில் லிமரிக்கின் சாம்பியனை அப்படி அடித்தது களைத்தவர்களை வென்ற அணி அல்ல. ஓய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த ஆண்டு பாலிகன்னர்தான் மன்ஸ்டரின் சிறந்த அணி.

#10 சுயர்நதி (வாட்டர்ஃபோர்ட்)

நானும் இதே நகரத்தில்தான் இருக்கிறேன். துறைமுகவாசி அண்ணனோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு, இங்கேயே வைக்கிறேன்.

2014 முதல் 2024 வரை பதினொரு ஆண்டு தொடர்ந்து ஒரே கிளப் கவுண்டிப் பட்டம் வெல்வது அந்தக் கவுண்டிக்கு நல்லதா? மவுண்ட் சயன் என்ற கிளப்பை யோசியுங்கள். வாட்டர்ஃபோர்ட் ஹர்லிங்கின் தாய்வீடு. ஜான் கீன், டோனி பிரவுன், கென் மெக்ராத் வந்த கிளப். டி லா சால் 2008-ல் மன்ஸ்டரையே வென்ற கிளப். இன்று இவர்கள் பருவம் தொடங்கும்போதே இரண்டாம் இடத்துக்கு ஆடுகிறார்கள் என்ற மனநிலை வந்துவிட்டது. கவுண்டி இறுதி பல ஆண்டுகளில் இடைவேளைக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பாலிகன்னர் ஒரு காலத்தில் கிராமம். நகரம் கிழக்கே வளர வளர, புதுக் குடியிருப்புகள் எல்லாம் அந்தப் பங்குக்குள் வந்து விழுந்தன. வீடுகள் கூடினால் பிள்ளைகள் கூடும். நகரத்தின் நடுவில் இருக்கும் பழைய கிளப்களுக்குப் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். பங்கு விதி என்பது ஏழைக் கிளப்பைக் காப்பாற்றும் விதி என்று சொல்கிறோம். மக்கள்தொகை ஒரு பக்கமாகச் சரியும்போது அதே விதி பெரிய கிளப்பை இன்னும் பெரிதாக்குகிறது.

#11 துறைமுகவாசி

தம்பி, இதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியை மறுக்கிறேன்.

வீடுகள் கூடியதால் மட்டும் கோப்பை வராது. டப்ளினில் பாலிகன்னரைப் போலப் பல மடங்கு பெரிய கிளப்கள் உண்டு. 2017-ல் குவாலா வெல்லும்வரை டப்ளின் கிளப் ஒன்றுகூட இந்த ஹர்லிங் கோப்பையை வென்றதில்லை. ஆளெண்ணிக்கைதான் எல்லாம் என்றால் பாலிஹேல் ஒன்பது கோப்பை வென்றிருக்கவே முடியாது. பாலிகன்னர் செய்தது சிறுவர் பயிற்சி. ஏழு வயதுப் பிள்ளைக்கு இரண்டு பக்கக் கையாலும் அடிக்கக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியாளர்கள் அங்கே வார நாள் மாலையில் வந்து நிற்கிறார்கள், ஒரு காசு வாங்காமல்.

டெஸ்ஸி ஹட்சின்சனைப் பாருங்கள். இளம் வயதில் இங்கிலாந்தின் பிரைட்டன் கால்பந்துக் கிளப்புக்குப் போனவர். அங்கே ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பினார். தொழில்முறைக் கால்பந்தில் இத்தனை ஆண்டு கழித்தவர், மட்டையைத் திரும்ப எடுத்து அயர்லாந்தின் மிக ஆபத்தான முன்கள ஆட்டக்காரர்களில் ஒருவரானார். அவரை யாரும் விலைக்கு வாங்கவில்லை. திரும்பி வர ஒரு கிளப் இருந்தது, அவ்வளவுதான். மேலாளர் டாரா ஓ'சல்லிவன், கேப்டன் பேரி காஃப்லன், ஃப்ரீ அடிக்கும் பாரிக் மஹோனி, எல்லாரும் அந்தக் கிளப்பின் பிள்ளைகள்.

#12 சுயர்நதி

பயிற்சியை நான் குறைத்துப் பேசவில்லை அண்ணா. ஹட்சின்சன் ஆட்டத்தை நானும் கைதட்டித்தான் பார்க்கிறேன். என் கேள்வி வேறு: மற்ற கிளப்களில் அதே பயிற்சி கொடுக்க ஆட்கள் இருந்தும், பத்து வயதுப் பையன்கள் அணிக்கே 15 பேர் தேறவில்லை என்றால் அவர்கள் என்ன செய்வார்கள்? கவுண்டி வாரியம் எல்லைகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். அல்லது சின்னக் கிளப்கள் சிறுவர் நிலையில் சேர்ந்து ஆட இன்னும் தாராளமாக அனுமதிக்க வேண்டும்.

கில்கென்னியைப் பாருங்கள். 2018 முதல் 2022 வரை ஐந்து முறை பாலிஹேல். 2023-ல் ஓ'லாஃப்லின் கேல்ஸ் அவர்களை நிறுத்தியது. 2024-ல் தாமஸ்டவுன்! 1946-க்குப் பிறகு முதல் சீனியர் பட்டம். அதே ஆண்டு ஜனவரியில்தான் இரண்டாம் நிலையான இன்டர்மீடியட்டில் அகில அயர்லாந்து வென்று மேலே வந்தவர்கள். அந்த ஊர் மக்கள் 78 ஆண்டு காத்திருந்து பெற்ற நாள் அது. வாட்டர்ஃபோர்டில் எந்தக் கிளப்புக்காவது அப்படி ஒரு நாள் வருமா என்பதுதான் என் கவலை.

#13 நோர்_ஆற்றங்கரை

தாமஸ்டவுன் பற்றிச் சொன்னதற்கு நன்றி தம்பி. பாலிஹேலுக்கும் தாமஸ்டவுனுக்கும் நடுவே சில மைல்தான். ஒரு கவுண்டியில் மேலே இருக்கும் கிளப் சறுக்கும் நாளில், கீழே தயாராக ஒருவர் நிற்கிறார் என்றால் அந்தச் சாம்பியன்ஷிப் நலமாக இருக்கிறது என்று பொருள். வாட்டர்ஃபோர்டில் இரண்டாவது அணி எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதைத்தான் அளக்க வேண்டும். இதில் நான் சுயர்நதி பக்கம்.

#14 செவிலித்தாய் (வெக்ஸ்ஃபோர்ட்)

வணக்கம். ஆட்ட நுணுக்கம் எனக்குக் குறைவு. ஒரு தாயாக எழுதுகிறேன்.

இங்கே மருத்துவமனையில் வேலை செய்ய வந்த நம் குடும்பங்கள் நிறைய. என் மகள் கமோகி ஆடுகிறாள், பெண்கள் ஆடும் ஹர்லிங் அதுதான். நாங்கள் போய்ச் சேரவில்லை. பள்ளியில் பயிற்சி கொடுக்க வந்தவர்களே பெயரெழுதிக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைக்கவசமும் மட்டையும் முதலில் கிளப்பே கொடுத்தது. இரவுப் பணி நாட்களில் அவளைக் கூட்டிப்போய் விட்டு வருவது பக்கத்து வீட்டுப் பாட்டி, அவருடைய பேத்தியும் அதே அணி.

பங்கு விதி நகரத்தில் சமநிலையைக் கெடுக்கிறது என்று தம்பி சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த விதி இருப்பதால்தான், எங்கிருந்து வந்த பிள்ளையாக இருந்தாலும் இந்தத் தெருவில் குடியிருந்தால் இந்தக் கிளப்பின் பிள்ளை என்று எழுதிக்கொண்டார்கள். திறமை இருக்கிறதா என்று யாரும் முதலில் கேட்கவில்லை. இதை உங்கள் விவாதத்தில் ஒரு ஓரமாகவாவது வையுங்கள்.

ஒரு கேள்வியும் உண்டு. மட்டை அடிக்கடி உடைகிறது, விலையும் ஏறிக்கொண்டே போகிறது. ஏன்?

#15 நோர்_ஆற்றங்கரை

ஓரமாக இல்லை அக்கா, நடுவில் வைக்க வேண்டிய கருத்து.

மட்டை பற்றி: ஆஷ் மரத்தின் அடிப்பகுதி, வேர் வளைந்து தண்டோடு சேரும் இடம்தான் மட்டைக்கு ஏற்றது. அங்கே மரத்தின் ரேகை வளைந்தே ஓடும், அதனால் நுனி எளிதில் பிளக்காது. ஒரு மரம் அதற்குப் பக்குவமாக இருபத்தைந்து முப்பது ஆண்டாகும். 2012-ல் ஆஷ் மரங்களை அழிக்கும் பூஞ்சை நோய் அயர்லாந்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதற்குப் பிறகு தோப்பு தோப்பாகப் பட்டுப்போகின்றன. மட்டைக்கான மரத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. விலை ஏறாமல் என்ன செய்யும்? மூங்கிலிலும் செயற்கைப் பொருளிலும் செய்த மட்டைகள் வந்துவிட்டன. சிறுமிக்குச் செயற்கை மட்டை வாங்குங்கள், நாளாகும் உடைய. மரத்தின் கைச்சுகம் வேறுதான், ஆனால் மரமே இல்லாத காலம் வரப்போகிறது என்ற கவலை இங்கே எல்லா வீட்டிலும் இருக்கிறது.

#16 வடமராட்சியான்

அக்கா சொன்னது என்ர அனுபவமும்தான்.

பங்கு விதி எண்டு கதைக்கேக்க இன்னொரு சிக்கலையும் பாருங்கோ. கார்க் கவுண்டி. அங்க சின்னக் கிளப்புகளின்ர ஆட்டக்காரர் சேர்ந்து வட்டார அணியாயும் சீனியரில விளையாடலாம். 2024-ல இமொக்கிலி எண்ட வட்டார அணி இறுதியாட்டத்தில சார்ஸ்ஃபீல்ட்ஸை அடிச்சுக் கவுண்டிப் பட்டம் வெண்டுது. ஆனா வட்டார அணி கிளப் இல்லை எண்டதால மன்ஸ்டருக்குப் போகேலாது. தோத்த சார்ஸ்ஃபீல்ட்ஸ்தான் போனது. போய் என்ன செய்தவை? மன்ஸ்டர் இறுதியில பாலிகன்னரையே தோற்கடிச்சவை! 2009-க்குப் பிறகு ஒரு கார்க் கிளப் மன்ஸ்டரை வென்றது அப்பதான். பிறகு 2025 ஜனவரியில அகில அயர்லாந்து இறுதி வரை போய் டப்ளின் நா ஃபியனாவிட்ட 2-23க்கு 0-20 எண்டு தோத்தவை.

சொந்தக் கவுண்டியில தோத்த அணி மாகாணச் சாம்பியன். இது சரியோ?

#17 கார்க்கரை

கார்க்கில் வசிப்பவன் என்ற முறையில் பதில். சரிதான் என்று நினைக்கிறேன்.

வட்டார அணி ஏன் இருக்கிறது? ஒரு சின்னக் கிராமத்தின் கிளப் ஜூனியர் நிலையில் ஆடும். அங்கே ஒரே ஒரு பையன் சீனியர் தரத்தில் இருப்பான். அவனுக்குத் தன் கிளப்பை விட்டுவிடாமலே மேல்நிலை ஆட்டம் ஆட ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் இமொக்கிலி. அந்தப் பையனைப் பெரிய கிளப்புக்கு மாறச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். அதே சமயம், பல கிளப்களின் சிறந்தவர்களைத் திரட்டிய அணி ஒற்றைப் பங்கின் அணியோடு அகில அயர்லாந்தில் மோதுவது நியாயமில்லை. இரண்டு நியாயத்தையும் காப்பாற்றப் போனால் இப்படி ஒரு கோணல் வரும். அந்தக் கோணலோடு வாழலாம்.

எனக்கு உறுத்துவது கால்வே விஷயம். கனாக்ட் மாகாணத்தில் சீனியர் ஹர்லிங்கில் கால்வேக்கு ஈடு யாருமில்லை. ஆகவே கால்வே சாம்பியன் நேரே அரையிறுதிக்கு வருகிறார்கள். செயின்ட் தாமஸ் 2023 டிசம்பரில் பெனால்டி ஷூட்-அவுட்டில் பாலிகன்னரை வென்று, 2024 ஜனவரி இறுதியில் ஓ'லாஃப்லின் கேல்ஸை 0-18க்கு 0-17 என்று வென்றார்கள். தகுதியான சாம்பியன்கள், சந்தேகமில்லை. ஆனால் பாலிகன்னர் கடினமான மன்ஸ்டர் ஆட்டங்கள் ஆடிவிட்டு வர, அவர்கள் வாரக்கணக்கில் ஓய்ந்து வருவது சமமில்லை.

#18 துறைமுகவாசி

அந்தப் பெனால்டி இரவை நினைவுபடுத்திவிட்டீர்கள். ஆனால் கால்வேயைக் குற்றம் சொல்ல மாட்டேன். நெடுநாள் ஆட்டமில்லாமல் வந்து, மன்ஸ்டர் தீயில் வெந்த அணியை எதிர்கொள்வதும் பாரம்தான். 2022 ஜனவரியில் செயின்ட் தாமஸ் அப்படித்தான் வந்து, டி.ஜே. ரீட்டின் ஒரு ஃப்ரீயில் எல்லாவற்றையும் இழந்தார்கள்.

அதே பருவத்தின் நான்காவது அரையிறுதி அணியைப் பற்றி யாரும் பேசவில்லையே. டெர்ரி கவுண்டியின் ஸ்லாட்னீல். வயலும் மேடுமாக இருக்கிற ஒரு கிராமப் பங்கு. 2016-ல் ஹர்லிங், கால்பந்து, கமோகி மூன்றிலும் ஒரே ஆண்டில் அல்ஸ்டர் சாம்பியன் ஆனார்கள். அதற்கு முன் டெர்ரியிலிருந்து ஒரு கிளப்பும் அல்ஸ்டர் சீனியர் ஹர்லிங் வென்றதில்லை. பாலிகன்னர் அவர்களைத் தாண்டித்தான் இறுதிக்கு வந்தது. அல்ஸ்டருக்கு இந்தக் கோப்பை போனது இரண்டே முறை, இரண்டும் ஆன்ட்ரிமின் லாக்கீல் வென்றவை, 1983, 2012.

சுயர்நதி தம்பிக்கு: சிறுவர் நிலையில் கிளப்கள் சேர்ந்து ஆடுவது பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். எல்லையை மாற்றுவதை ஏற்கவில்லை. ஒரு பங்கில் பிறந்த பிள்ளையிடம் நாளை முதல் நீ வேறு சட்டை போடு என்று கோடு கிழித்துச் சொல்வது, இந்த ஆட்டத்தின் அடித்தளத்தையே தோண்டுவது.

#19 சுயர்நதி

பாதி தூரம் வந்துவிட்டீர்கள், போதும் அண்ணா. மீதியை நேரில் பேசிக்கொள்வோம்.

ஆனால் சிறந்த பருவம் எது என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் வாக்கு 2021–22தான். உள்ளூரில் அவர்களை எதிர்த்து நிற்கிறவன் நான். இருந்தும் ரடில் அந்தப் பந்தை அடித்தபோது இந்த நகரத்தில் மவுண்ட் சயன்காரர்களும் ரோன்மோர்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். அதுவரை எந்த வாட்டர்ஃபோர்ட் கிளப்புக்கும் வாய்க்காத கோப்பை.

#20 நோர்_ஆற்றங்கரை

என் வாக்கும் 2021–22க்கே. ஒரு திருத்தத்தோடு: அந்தக் கதை அங்கே முடியவில்லை. 2022 டிசம்பர் அரையிறுதியில் அதே இரண்டு அணிகள் மறுபடி மோதின. பாலிஹேல் வென்றது. 2023 ஜனவரி இறுதியில் ஆன்ட்ரிமின் டன்லாயை 1-22க்கு 1-15 என்று வென்று ஒன்பதாவது கோப்பையை எடுத்தது. இரண்டு பருவங்களையும் சேர்த்து ஒன்றாகப் படிக்க வேண்டும்.

#21 மெரினாக்காற்று

படித்து முடித்தேன். இப்போது ஒரு ஆட்டமாவது பார்த்தே ஆக வேண்டும் என்றிருக்கிறது. சென்னையில் இருந்து எதில் தொடங்கலாம்? எப்போது பருவம்?

#22 துறைமுகவாசி

2022 முதல் ஜி.ஏ.ஏ. ஆண்டை இரண்டாகப் பிரித்துவிட்டது. ஜூலையோடு கவுண்டி ஆட்டம் முடியும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கவுண்டிக்குள் கிளப் போட்டிகள். நவம்பரில் மாகாண ஆட்டங்கள், ஜனவரியில் இறுதி. முன்பெல்லாம் இறுதியாட்டம் மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளில் நடக்கும். அந்த நாளை இழந்ததில் பழையவர்களுக்கு இன்னும் வருத்தம், எனக்கும்தான்.

டி.ஜி.4 என்ற ஐரிஷ் மொழித் தொலைக்காட்சி கிளப் ஆட்டங்களை நிறையக் காட்டும். வர்ணனை ஐரிஷில் இருக்கும், அதற்காகத் தயங்க வேண்டாம். ஸ்கோர் எழுத்து திரையில் இருக்கும், கணக்கு உங்களுக்கு இப்போது தெரியும். முதலில் 2022 இறுதியின் சுருக்கக் காட்சியைப் பாருங்கள். பிறகு அதே ஆண்டு பாலிஹேல்–செயின்ட் தாமஸ் அரையிறுதியின் கடைசி ஐந்து நிமிடம். இரண்டையும் பார்த்துவிட்டு வந்து, ரடிலின் அடி பெரிதா, ரீட்டின் ஃப்ரீ பெரிதா என்று எழுதுங்கள். நோர்_ஆற்றங்கரை அண்ணனும் நானும் அதற்குள் சண்டையைத் தொடங்கியிருப்போம்.